கணிப்பொறி தீட்டும் நிலக்காட்சியும் காண்போர் உள்ளமும்

1. தோற்றுவாய்

நிலமும் பொழுதும் பாட்டிற்கு முதற்பொருள் எனக் கொண்டு இலக்கணம் வகுத்த தொல்காப்பியத்தைப் பயில்வோர்க்கு நிலக்காட்சி என்பது புதிய பொருள் அன்று. ஒரு மலையோ காடோ கடற்கரையோ உள்ளத்தை எங்ஙனம் தொடுகின்றது என்னும் வினா, தமிழ் மாணவர் நாடோறும் எதிர்கொள்ளும் வினாவாகும். ஆயின் சென்ற ஐம்பது ஆண்டுக் காலத்தில் இவ்வினா எதிர்பாராத ஒரு திசையினின்றும் எழுந்துள்ளது. உலகில் எவ்விடத்தும் இல்லாத மலைகளைக் கணிப்பொறி எண்களைக் கொண்டே தோற்றுவிக்கின்றது. காண்போர் அவற்றைக் கண் அகலாது நோக்குகின்றனர், அழகிது என்கின்றனர், அங்குச் சென்று நிற்கவும் விழைகின்றனர். நிலமே இன்றி நிலக்காட்சி இன்பம் பயப்பது யாங்ஙனம்? இதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்த எடுப்பிற் பலரும் கூறும் விடை ஒன்று உண்டு. படம் உண்மை மலையை ஒத்திருத்தலின் இனிக்கின்றது என்பதே அது. இவ்விடை முழுதும் பொருந்தாது. ஒளிப்படக் கருவி பிடித்த மலைகள் யாவும் உண்மை மலையை ஒப்பனவே. எனினும் அவை அனைத்தும் நம்மைக் கவர்வதில்லை. மறுபுறத்தே, 1980ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கூடிய 'சிக்கிராப்' என்னும் கணிப்பொறி வரைகலை மாநாட்டில் லோரன் கார்ப்பென்டர் என்பார் 'வோல் லீபர்' என்னும் இரண்டு நிமிடப் படம் ஒன்றைக் காட்டினார். மலைத்தொடர்களின்மீது பறந்து செல்வோர் காணும் காட்சி அது. இக்காலப் படங்களோடு ஒப்பிடின் அம்மலைகள் மிக எளியன. எனினும் அவையினர் ஆரவாரித்து மகிழ்ந்தனர். ஆதலின், ஒப்புமை மிகுதி ஒன்றே இன்பத்திற்குக் காரணம் எனக் கொள்ளுதல் இயலாது என்பது பெறப்படும். வேறு காரணங்களைத் தேடுதல் வேண்டும்.

2. மலை பிறக்கும் முறை

கார்ப்பென்டர் அக்காலத்துப் போயிங் விமான நிறுவனத்திற் பணியாற்றியவர். விமானப் படங்களுக்குப் பின்னணியாக மலைகளை வரைய விரும்பிய அவர், பெனுவா மாண்டல்பிராட் எழுதிய நூலினின்றும் வழி கண்டார். அவ்வழி மிக எளிது. ஆதலின் ஈண்டு அதனை விளக்குதும்.

ஒரு முக்கோணத்தை எடுத்துக்கொள்க. அதன் மூன்று பக்கங்களுக்கும் நடுப்புள்ளி காண்க. அந்நடுப்புள்ளி ஒவ்வொன்றையும் குருட்டெண் ஒன்றின்படி சிறிது மேலேயோ கீழேயோ நகர்த்துக. நகர்ந்த புள்ளிகளை இணைப்பின் ஒரு முக்கோணம் நான்காகும். அந்நான்கின்மீதும் இச்செயலையே மீண்டும் புரிக. ஆயின் இம்முறை நகர்த்தும் அளவைக் குறைத்துக்கொள்க. நான்கு பதினாறாகும்; பதினாறு அறுபத்து நான்காகும். பத்து முறை செய்தபின் 10,48,576 சிறு முக்கோணங்கள் தோன்றியிருக்கும். தட்டையாக இருந்த ஓர் உருவம் முகடும் சரிவும் பிளவும் உடைய மலையாக மாறியிருக்கும்.

இம்முறையில் மலையின் தன்மையை முடிவு செய்வது ஒரே ஓர் அளவேயாகும். படிதோறும் நகர்வை எவ்வளவு குறைக்கின்றோம் என்பதே அது. மிகுதியாகக் குறைப்பின் வழுவழுப்பான குன்றுகள் பிறக்கும். சிறிதே குறைப்பின் கரடுமுரடான பாறைச் செறிவு பிறக்கும். ஓவியன் தூரிகை கொண்டு வரையும் ஆயிரம் கோடுகளை ஓர் எண் தீர்மானிக்கின்றது என்பது வியத்தற்குரியது. இவ்வழியே வளர்ந்த கலை 1982இல் 'ஸ்டார் டிரெக்' திரைப்பட வரிசையின் இரண்டாம் படத்தில் இடம்பெற்றது. உயிரற்ற கோள் ஒன்று தீப்பற்றிப் பின்னர்ப் பசுமையும் நீரும் பெறும் காட்சியில் கார்ப்பென்டரின் மலைகளைத் திரையரங்குகளில் மக்கள் கண்டனர். அவ்வாண்டிலேயே வெளிவந்த மாண்டல்பிராட்டின் 'இயற்கையின் ஃபிராக்டல் வடிவியல்' என்னும் பொருள்படும் நூலில், ஐ.பி.எம். ஆய்வாளர் ரிச்சர்டு வாஸ் உருவாக்கிய நிலக்காட்சிகளும் இடம்பெற்றன.

3. ஒழுங்கும் ஒழுங்கின்மையும்

ஃபிராக்டல் என்னும் சொல்லை மாண்டல்பிராட் 1975இல் வழங்கினார். பகுதியும் முழுமையும் ஒரே தன்மை உடையனவாய் அமையும் வடிவத்தை அது குறிக்கும். இதனைத் தன்னொப்புமை எனலாம். 1967இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று, பிரிட்டன் தீவின் கடற்கரை எத்துணை நீளம் என்னும் வினாவை எழுப்பிற்று. லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் தொகுத்த அளவுகளை அடிப்படையாகக் கொண்ட அக்கட்டுரை, அளவுகோல் சிறிதாகுந்தோறும் கரையின் நீளம் பெருகிக்கொண்டே செல்லும் என்று காட்டிற்று. ஒவ்வொரு வளைவினுள்ளும் சிறு வளைவுகளும், அவற்றினுள் மேலும் சிறு வளைவுகளும் உள்ளமையே காரணம். கோட்டின் பரிமாணம் 1. தளத்தின் பரிமாணம் 2. பிரிட்டனின் மேற்குக் கரையோ ஏறத்தாழ 1.25 என்னும் பின்ன அளவினது.

இவ்வெண்ணிற்கும் காண்போர் விருப்பிற்கும் தொடர்பு உண்டா என்பதை உளநூலார் ஆராய்ந்துள்ளனர். பிராங்கா ஸ்பெகர், ரிச்சர்டு டெய்லர் முதலியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கையில் அமைந்தனவும், கணிப்பொறி ஆக்கியனவும், மனிதர் தீட்டியனவுமாகிய மூவகைப் பின்ன வடிவங்கள் காண்போர்முன் வைக்கப்பட்டன. மூவகையிலும் 1.3 முதல் 1.5 வரையிலான இடைநிலை அளவே பெரிதும் விரும்பப்பட்டது. இதன் பொருள் எளிதிற் புலனாகும். மிகக் குறைந்த சிக்கலில் கண்ணுக்கு வேலை இல்லை. மிகுந்த சிக்கலில் கண் பற்றுதற்கு இடம் இல்லை. இரண்டிற்கும் நடுவே, அடுத்து வருவதை ஓரளவு எதிர்நோக்கவும் ஓரளவு ஏமாறவும் வாய்ப்பு உண்டு. யாப்பு வரையறைக்குள் சீர்கள் மாறி மாறி வருதலின் செவி பெறும் இன்பத்தை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம்.

எனினும் ஈண்டு ஒரு வரையறை வேண்டும். ஒரு வடிவத்தைப் பிறிதொன்றினும் மிகுதியாக விரும்புதல் வேறு. நிலக்காட்சியில் உள்ளம் தோய்தல் வேறு. மேற்கூறிய ஆய்வு முன்னதனையே விளக்குகின்றது. பின்னதற்கு மேலும் சில உறுப்புக்கள் தேவை.

4. வளியும் ஒளியும்

தன்னொப்புமை மலைக்கு வடிவம் தருகின்றது. அதுவே அதன் பருமையைக் கவர்ந்தும் கொள்கின்றது. பகுதியும் முழுமையும் ஒத்திருப்பின், நாம் காண்பது பத்தாயிரம் அடி உயர்ந்த மலையா, கையிற் கொள்ளும் கல்லா என்று எங்ஙனம் அறிதல் கூடும்? நிலவியலார் பாறையை ஒளிப்படம் எடுக்குங்கால் அதன் அருகே சுத்தியலையோ நாணயத்தையோ வைத்தல் இது பற்றியேயாகும். கணிப்பொறி மலைக்கும் இவ்விடர்ப்பாடு உண்டு. காற்றில்லாத வெளியில் அமைத்த மலை, மேசைமேல் வைத்த மண்பொம்மை போலவே தோன்றும்.

இக்குறையை நீக்குவது வளியாகும். சேய்மையிலுள்ள பொருளினின்றும் வரும் ஒளி, வழியிலுள்ள காற்றினாற் சிறிது சிறிதாகக் குறைகின்றது. சம தொலைவுதோறும் எஞ்சிய ஒளியில் சம பங்கு இழக்கப்படுகின்றது. அதே வேளையில் காற்று சிதறவிடும் நீலம் மிகுந்த ஒளி இடையே வந்து கலக்கின்றது. குறுகிய அலைநீளமுடைய ஒளி மிகுதியாகச் சிதறும் என்பதை 1871இல் ரேலே விளக்கினார். அதற்கு நெடுங்காலம் முன்னரே லியோனார்டோ டா வின்சி, சேய்மை மலைகள் நீலமாதலை ஓவியர்க்கு உரைத்துள்ளார். இவ்விதியைக் கணக்கிற் சேர்த்த அளவில், கணிப்பொறியின் மலைத்தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வெளிறி விலகி நிற்கின்றன. பொம்மை மலையாகின்றது. வடிவத்தில் ஒரு புள்ளியும் மாறவில்லை. இடையிற் காற்றை வைத்தமையே மாற்றம்.

பொழுதும் இத்தகையதே. உச்சிவேளை ஞாயிற்றின் ஒளியில் மேடும் பள்ளமும் ஒன்றாய்த் தோன்றும். ஞாயிறு தாழ்ந்த காலையிலோ மாலையிலோ நிழல்கள் நீண்டு நிலத்தின் ஒவ்வொரு மடிப்பையும் எடுத்துக் காட்டும். விரும்பப்படும் கணிப்பொறிக் காட்சிகள் பல எற்பாட்டிலோ விடியலிலோ அமைந்திருத்தல் தற்செயலன்று. நிலத்தோடு பொழுதையும் முதற்பொருளாக வைத்தோர், நிலம் தனித்து நின்று காட்சியாகாது என்பதை உணர்ந்தனர் போலும்.

5. நீர் எழுதிய வரலாறு

கணிப்பொறியின் தொடக்ககால மலைகளில் வல்லுநர் உணர்ந்த குறை ஒன்று உண்டு. அம்மலைகளைத் தலைகீழாகத் திருப்பினும் வேறுபாடு தோன்றுவதில்லை. முகடுகள் பள்ளங்களாகவும் பள்ளங்கள் முகடுகளாகவும் மாறும், தன்மையோ மாறாது. நடுப்புள்ளியை மேலே நகர்த்துதற்கும் கீழே நகர்த்துதற்கும் குருட்டெண்கள் வேற்றுமை காட்டாமையே இதற்குக் காரணம். உண்மை நிலம் அத்தகையதன்று. அதன் மேடும் பள்ளமும் வெவ்வேறு முறையிற் பிறந்தவை. மழைநீர் சரிவை அறுத்து ஓடைகளை உண்டாக்குகின்றது. ஓடைகள் கூடி ஆறாகின்றன. அரித்த மண் தாழ்விடத்தே வண்டலாகப் படிந்து நிலத்தைச் சமனாக்குகின்றது. ஆதலின் முகடு கூர்மையுறுகின்றது; பள்ளத்தாக்கின் அடி பரந்து கிடக்கின்றது.

மாண்டல்பிராட்டுடன் யேல் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய கென்டன் மஸ்கிரேவ் இக்குறையைக் களைய முயன்றவருள் முதன்மையானவர். 1989இல் அவரும் கிரெய்க் கோல்பு, ராபர்ட் மேஸ் என்பாரும் வெளியிட்ட கட்டுரை, பின்ன வடிவ நிலத்தின்மீது நீர் ஓடி அரிக்கும் செயலைக் கணித்துக் காட்டும் வழியைத் தந்தது. நிலத்தின் ஒவ்வோர் இடத்தும் நீரை வார்த்து, அது தாழ்ந்த இடம் நோக்கி ஓடி மண்ணை எடுத்துச் சென்று படியவிடும் அளவைக் கணிப்பொறி பலமுறை கணக்கிடுகின்றது. உயர்ந்த இடம் கரடாகவும் தாழ்ந்த இடம் மென்மையாகவும் அமையுமாறு, கரட்டுத்தன்மையை இடத்திற்கு ஏற்ப மாற்றும் முறையையும் மஸ்கிரேவ் வகுத்தார். கென் பெர்லின் 1985இல் வெளியிட்ட ஒழுங்கமைந்த குருட்டெண் முறை இத்தகைய ஆக்கங்களுக்குப் பெரிதும் உதவிற்று. அதன் பொருட்டு 1997இல் அமெரிக்கத் திரைக்கலைக் கழகம் அவருக்குத் தொழில்நுட்பப் பரிசளித்தது.

அரிப்புக் கணக்கு சேர்ந்த மலையைக் காண்போர் பெரும்பாலோர் நிலவியல் கற்றவரல்லர். எனினும் அவர்தம் கண் வேற்றுமையை உணர்கின்றது. மலையைக் கண்ட அளவிலேயே மழை எவ்வழி ஓடும், ஆறு எங்கே கூடும், ஊர் எங்கே அமையும் என்று உள்ளம் தன்னையறியாது கணித்துக்கொள்கின்றது. அக்கணிப்பிற்கு இடம் தரும் மலை மெய்ம்மை வாய்ந்ததாகத் தோன்றுகின்றது. இங்ஙனம் நோக்குமிடத்து, நம்மைக் கவர்வது மலையின் உருவம் மட்டுமே எனல் அமையாது. அவ்வுருவில் எழுதப்பட்டுள்ள அதன் வரலாறும் உடன் நின்று கவர்கின்றது. இதுவே இவ்வாராய்ச்சியில் யாம் முதன்மையாகக் கருதும் கருத்தாகும்.

6. காண்போர் நிற்கும் இடம்

நிலம் மெய்ம்மை பெற்றபின், காண்போர்க்கு அதனுள் ஓர் இடம் வேண்டும். ஜே ஆப்பிள்டன் என்னும் ஆங்கில நிலநூலார், 1975இல் வெளியிட்ட நூலில், மனிதன் விரும்பும் நிலக்காட்சியில் இரண்டு கூறுகள் உள்ளன என்றார். பரந்து நோக்கும் வாய்ப்பு ஒன்று. மறைந்து ஒதுங்கும் புகலிடம் மற்றொன்று. ரேச்சல் கேப்லன், ஸ்டீபன் கேப்லன் என்னும் உளநூலார் 1989இல், ஒருமையும் தெளிவும் சிக்கலும் ஆகிய மூன்றோடு மறைபொருள் என்னும் நான்காவது பண்பையும் கூறினர். வளைந்து மரங்களுக்கிடையே மறையும் பாதை, மேலும் நடப்பின் மேலும் காணலாம் என்னும் எதிர்பார்ப்பை எழுப்புகின்றது. நிலையான படத்தில் நடையை உண்டாக்குவது இதுவே.

இக்கருத்துக்கள் முற்றும் புதியன அல்ல. 11ஆம் நூற்றாண்டுச் சீன ஓவியர் குவோ ஷி, மலையோவியத்தில் மூவகைத் தொலைவு உண்டென்றார். அடிவாரத்தினின்றும் முகட்டை அண்ணாந்து நோக்குதல், முன்மலையினின்றும் பின்மலைகளின் உள்ளே ஆழ்ந்து நோக்குதல், அண்மை மலையினின்றும் சேய்மை மலையைச் சமனாக நோக்குதல் என்பன அவை. நடத்தற்கும் நோக்குதற்கும் ஏற்ற காட்சியினும் உலாவுதற்கும் உறைதற்கும் ஏற்ற காட்சியே உயர்ந்தது என்பதும் அவர் துணிபு. கணிப்பொறியின் மலைக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். எண்களிற் பிறந்த மலைத்தொடர் ஒன்றில் காணும் இடத்தை எங்கும் வைக்கலாம். வானிலும் வைக்கலாம், பாறையினுள்ளும் வைக்கலாம். அவற்றுள் பெரும்பாலானவை பொருளற்ற காட்சிகள். நீர்க்கரையில் ஓராள் உயரத்தில், எதிரே பள்ளத்தாக்குத் திறக்குமாறு வைத்த இடத்தினின்று நோக்குங்கால் அம்மலைத்தொடரே வேறாகின்றது. அவ்விடத்தைத் தேர்ந்தவன் மனிதன்.

7. எண்ணிறந்தனவும் ஒன்றும்

தேர்வின் இன்றியமையாமையை விளக்குதற்கு 2016இல் வெளிவந்த 'நோ மேன்ஸ் ஸ்கை' என்னும் கணிப்பொறி விளையாட்டு தக்க சான்றாகும். அதன்கண் கோள்கள் விதிமுறையாலேயே தோன்றுகின்றன. அவற்றின் தொகை 2 என்னும் எண்ணின் 64ஆம் அடுக்கு. அஃதாவது 18 என்பதற்குப்பின் மேலும் 18 இலக்கங்கள் கொண்ட எண். ஒருவர் தம் வாழ்நாள் முழுதும் பயணம் செய்யினும் அவற்றுள் ஒரு சிறு கூற்றையும் காண முடியாது. முதற்கோளிற் கால் வைத்தோர் வியந்தனர். ஆயின் பல கோள்களைக் கண்டபின், யாவும் ஒன்றுபோல் உள்ளன என்று சலிப்புற்றோரும் பலர். பின்னர்ப் பல முறை செய்த திருத்தங்களால் அவ்விளையாட்டு வளம் பெற்றது. எனினும் தொடக்கத்தில் எழுந்த அச்சலிப்பு ஒரு பேருண்மையைப் புலப்படுத்திற்று. ஒவ்வொரு கோளும் கணக்கின்படி வேறானது. காண்போர் உள்ளத்திற்கோ வேறாகவில்லை. கேட் காம்ப்டன் என்னும் ஆய்வாளர் இந்நிலையைப் பத்தாயிரம் கிண்ண ஓட்ஸ் கஞ்சிக்கு ஒப்பிட்டார். ஒவ்வொரு கிண்ணத்திலும் தானியத்தின் கிடக்கை வேறு. உண்பவர்க்கோ எல்லாம் கஞ்சியே.

வேற்றுமை பெருகுதலாற் சிறப்புப் பெருகாது என்பது இதனாற் போதரும். தனித்து நினைவில் நிற்கும் நிலக்காட்சிக்கு, இந்நிலம், இப்பொழுது, இவ்விடத்தினின்றும் எனச் சுட்டும் ஒரு சுட்டு வேண்டும். விதி ஆயிரம் மலைகளைத் தரும். ஆயிரத்தில் ஒன்றைச் சுட்டுதல் விதியின் தொழிலன்று.

8. ஒரு தடையும் விடையும்

ஈண்டு ஒரு தடை எழலாம். பொய்யான நிலம் என்று அறிந்தபின்னும் இன்பம் நிலைக்குமா? ஜெர்மானிய மெய்ந்நூலார் கான்ட் 1790இல் வெளியிட்ட நூலில் இதனையொத்த நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகின்றார். விருந்தினரை மகிழ்விக்க விரும்பிய ஒருவர், நைட்டிங்கேல் பறவை போலக் குழல் ஊத வல்ல சிறுவனைப் புதரில் ஒளித்து வைக்கின்றார். பறவையின் பாட்டெனக் கருதும் வரையில் அனைவரும் மகிழ்வர். சூழ்ச்சி வெளிப்பட்டபின் ஒருவரும் கேளார். இயற்கை என்னும் எண்ணமே அவ்வின்பத்திற்கு வேர் என்பது அவர் கருத்து.

இத்தடை வலிமை வாய்ந்தது. ஆயினும் கணிப்பொறி நிலக்காட்சிக்கு அது முழுதும் பொருந்துமாறில்லை. முதலாவது, காண்போர் தொடக்கத்திலேயே உண்மை அறிந்தவர். ஏமாற்றம் எதுவும் இல்லை. இரண்டாவது, சிறுவன் பறவையின் ஓசையைப் பெயர்த்து ஊதினான். கார்ப்பென்டரும் மஸ்கிரேவும் எந்த மலையையும் பெயர்த்து வரையவில்லை. கரடுமுரடு எவ்வாறு அடுக்கடுக்காய் அமைகின்றது, நீர் எவ்வாறு அறுக்கின்றது என்னும் விதிகளைத் தேடி, அவ்விதிகளினின்றும் மலையைத் தாமே பிறக்கவிட்டனர். அம்மலையைக் கண்டு மகிழ்வோர் இயற்கையின் ஒழுங்கையே வேறொரு வாயிலாற் கண்டு மகிழ்கின்றனர். கான்ட் கூறிய வேர் அங்கு அறுபடவில்லை.

2022 முதலாகப் பரவிய மற்றொரு வகைப் படங்களின் நிலை வேறு. அவ்வகைக் கருவிகள், மனிதர் எடுத்த ஒளிப்படங்களையும் தீட்டிய ஓவியங்களையும் கோடிக்கணக்கிற் பயின்று, சொல்லால் ஏவியவாறு படம் தருகின்றன. அவற்றின் மலையில் ஆறு ஓடுதல், ஆறுடைய படங்களைப் பயின்றமையால் அமைந்தது. அப்படத்தினுள் நீர் ஓடி அறுத்த கணக்கு எதனையும் எவரும் இட்டாரல்லர். ஆதலின், முதற்பார்வையிற் பேரழகாய் இருப்பினும், ஆறு மேட்டை நோக்கி ஓடுதல் முதலிய பிழைகள் ஊன்றி நோக்குவார்க்குச் சில வேளைகளிற் புலப்படும். புதரிலிருந்த சிறுவனுக்கு இவை அண்மையில் நிற்பன எனலாம். எனினும் இங்கும் ஒருவர் நூறு படங்களை நீக்கி ஒன்றை நிறுத்தும்போது, அந்நிறுத்துதலில் அவர்தம் உள்ளம் கலந்தே உள்ளது.

9. முடிபு

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவாம். கணிப்பொறி நிலக்காட்சி காண்போரைக் கவர்தற்கு, ஒழுங்கும் ஒழுங்கின்மையும் இடைநிலையிற் கலந்த வடிவம் ஒரு காரணம். தொலைவையும் பருமையையும் உணர்த்தும் வளியும், மடிப்புக்களை விளக்கும் பொழுதின் ஒளியும் மற்றொரு காரணம். நீரும் காலமும் எழுதிய வரலாறு உருவிற் படிந்திருத்தல் மூன்றாவது காரணம். இவை மூன்றும் விதிக்குள் அடங்குவன, கணக்கிட்டுப் பெறத்தக்கன. காண்போர் நிற்றற்குரிய இடமும், பலவற்றுள் ஒன்றைச் சுட்டும் தேர்வும் அவ்வாறு அடங்குவன அல்ல.

முதல், கரு, உரி என்னும் மூன்றனுள் பாடலுட் பயில்வனவற்றை ஆராயுங்கால், முதலினும் கருவும் கருவினும் உரியும் சிறந்தன என்பது தொல்காப்பிய நெறி. அந்நெறி இப்புதிய கலையை அளத்தற்கும் உதவுகின்றது. நிலத்தையும் பொழுதையும் கணிப்பொறி தருகின்றது. மரமும் புள்ளும் நீருமாகிய கருப்பொருளையும் கற்றுக்கொண்டது. பிரிவோ இருத்தலோ இரங்கலோ ஆகிய உரிப்பொருள் அதன் கணக்கில் இல்லை. ஒருவர் தம் உள்ளத்து நிகழ்ச்சிக்கு ஏற்ற பொழுதையும் நிற்கும் இடத்தையும் தேர்ந்து, ஆயிரம் மலைகளுள் ஒன்றின்முன் நம்மை நிறுத்தும்போது, இல்லாத அம்மலையும் திணையுடைய நிலமாகின்றது. அங்ஙனம் நிறுத்துவாரைப் பெறாத படம், எத்துணை நுண்ணிதாயினும், கண்டு கடந்து செல்லும் காட்சியாகவே அமையும். இலக்கியத்தில் நிலத்தைக் கற்போர், தாம் பயின்ற இவ்வளவுகோலை இத்துறையிலும் இட்டு ஆராய்தல் பெரும்பயன் தரும் என்பது எம் துணிபு.